ஒலிம்பிக்கில் குட்டி நாட்டு அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் 2024 ஒலிம்பிக்குக்கு பெலீஸ், லீக்டன்ஸ்டைன், நவூரு, சோமாலியா ஆகிய நான்கு நாடுகள் தலா ஒரே ஒரு வீரரை அனுப்பின. துவாலு இரண்டு பேரை அனுப்பியது, பூடான் மூன்று பேரை. இப்படிப்பட்ட அணிகள் எப்படித் தகுதி பெறுகின்றன, யார் செலவு செய்கிறார்கள், எங்கே சறுக்குகின்றன என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். சின்ன அணிகள் ஓடுதளத்தில் தோற்பதைவிட அலுவலக மேசையில் தோற்பதுதான் அதிகம். அதனால் காகித வேலைக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: எந்த நாடு வேண்டுமானாலும் ஒலிம்பிக்கில் இறங்க முடியுமா?

முடியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரித்த தேசிய ஒலிம்பிக் கமிட்டி இருக்க வேண்டும். இப்போது அப்படி 206 இருக்கின்றன. அங்கீகாரம் கேட்கும் நாட்டில் குறைந்தது ஐந்து தேசிய விளையாட்டுச் சம்மேளனங்கள் இயங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒலிம்பிக்கில் உள்ள ஒரு விளையாட்டின் சர்வதேசச் சம்மேளனத்தில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். பத்தாயிரம் பேர் வாழும் தீவில் ஐந்து சம்மேளனங்களை உண்மையாக நடத்துவது லேசான காரியம் இல்லை. தலைவர், செயலாளர், கணக்கு, ஆண்டுக் கூட்டம், தேசியப் போட்டி எல்லாம் ஐந்து முறை வேண்டும். ஒரே ஆள் மூன்று சம்மேளனங்களில் பொறுப்பு வகிப்பது சாதாரணமாக நடக்கும்.

1996-க்குப் பிறகு சர்வதேசச் சமூகம் ஏற்றுக்கொண்ட சுதந்திர நாடுகளுக்கு மட்டுமே புதிய அங்கீகாரம். அதற்கு முன்பே உள்ளே வந்த குவாம், அரூபா, பெர்முடா போன்ற பகுதிகள் தனிக் கொடியோடு தொடர்கின்றன. பரோ தீவுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அங்குள்ளவர்கள் டென்மார்க் சார்பில்தான் இறங்க வேண்டும்.

அங்கீகாரம் வரும்வரை வீரர் என்ன செய்வார்? நவூருவின் மார்கஸ் ஸ்டீபன் 1990 ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் பளு தூக்கித் தங்கம் வென்றார். ஆனால் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சமோவாவுக்காகத்தான் தூக்க முடிந்தது. நவூருவுக்கு 1994-ல் அங்கீகாரம் கிடைத்தது, 1996 அட்லாண்டாவில் சொந்தக் கொடியோடு இறங்கினார். பின்னாளில் அந்த நாட்டின் அதிபராகவும் ஆனார். கொசோவோவின் மஜ்லிந்தா கெல்மென்டி லண்டன் 2012-ல் அல்பேனியாவுக்காக ஜூடோ ஆடினார். கொசோவோவுக்கு 2014-ல் அங்கீகாரம் வந்தது, ரியோ 2016-ல் அதன் முதல் ஒலிம்பிக்கிலேயே அவர் தங்கம் வாங்கினார்.

கேள்வி: தகுதி அளவை எட்ட முடியாத வீரர் எப்படி ஒலிம்பிக்கில் ஓடுகிறார்?

பேச்சு வழக்கில் வைல்டு கார்டு என்கிறோம். அதிகாரப்பூர்வமாக இது அனைத்து நாட்டுப் பங்கேற்புக்கான இடம். மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு.

தடகளத்தில், தகுதி பெற்ற வீரரே இல்லாத நாடு தன் சிறந்த வீரரை நேரடியாகப் பதியலாம். பாரிஸில் இந்த வழி 100 மீட்டர், 800 மீட்டர், மராத்தான் ஆகியவற்றுக்கு மட்டும் திறந்திருந்தது. ஆடவர் 100 மீட்டருக்கான தகுதி நேரம் 10.00 வினாடி. நவூருவின் வின்சார் காகியூவா ஓடியது 11.15. இடைவெளி அவ்வளவு பெரிது, அதனால்தான் இந்த வழியே இருக்கிறது.

நீச்சலில் அதிகபட்சம் ஒரு ஆண், ஒரு பெண். இங்கே ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: அந்த நீச்சல் வீரர் முந்தைய உலகச் சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டிருக்க வேண்டும். பாரிஸுக்கு 2023 ஃபுகுவோகா அல்லது 2024 தோஹா. பணத்தை மிச்சப்படுத்த அந்தப் பயணத்தைக் கைவிட்ட நாடு, ஒலிம்பிக் இடத்தையும் அன்றே கைவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, முத்தரப்புக் குழுவின் அழைப்பு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, தேசிய ஒலிம்பிக் கமிட்டிகளின் சங்கம், அந்தந்த விளையாட்டின் சர்வதேசச் சம்மேளனம் மூன்றும் சேர்ந்து முடிவு செய்யும். வில்வித்தை, ஜூடோ, பளு தூக்குதல், துப்பாக்கி சுடுதல், டேபிள் டென்னிஸ் போன்றவற்றில் இப்படி இடங்கள் உண்டு. கடந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் தனிநபர் விளையாட்டுகளில் சராசரியாக எட்டு பேர் அல்லது அதற்குக் குறைவாக அனுப்பிய நாடுகளே விண்ணப்பிக்கலாம். கேட்டாலே கிடைத்துவிடாது. வீரர் அந்த விளையாட்டின் குறைந்தபட்சத் தரத்தைக் காட்ட வேண்டும். துப்பாக்கி சுடுதலில் அது எழுதப்பட்ட புள்ளி அளவு. அந்தப் புள்ளியை அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசப் போட்டியில் எடுத்திருக்க வேண்டும், உள்ளூர்ச் சுடுதளத்தில் எடுத்தது கணக்கில் வராது.

கேள்வி: இடம் ஒன்று, ஆசைப்படுபவர்கள் நான்கு பேர். யாரை அனுப்புவது?

தேர்வு விதியைப் போட்டிக்கு ஓராண்டு முன்பே எழுதி, நால்வரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எந்தத் தேதிக்குள், எந்தப் போட்டியில், மின்னணு நேரக் கணிப்போடு எடுத்த நேரம் செல்லும் என்பது அதில் இருக்க வேண்டும். கைக்கடிகார நேரத்தை நம்பித் தேர்வு செய்தால் சண்டை நிச்சயம். கையால் எடுக்கும் நேரம் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், 100 மீட்டரில் கால் வினாடி வரை ஏமாற்றும்.

நேரம் மட்டும் பார்க்காதீர்கள் என்றும் சொல்வோம். வெளிநாட்டில் குறைந்தது இரண்டு போட்டியில் ஓடியவர், ஸ்டார்ட்டிங் பிளாக்கில் (கால் ஊன்றிக் கிளம்பும் பலகை) பழகியவர், ஊக்கமருந்துப் பரிசோதனை ஒருமுறையாவது கொடுத்தவர், கடவுச்சீட்டு செல்லுபடியாக உள்ளவர். இவை நான்கும் சேர்ந்தால் பத்தில் ஒரு வினாடி வித்தியாசத்தை ஈடுகட்டும்.

கேள்வி: காகித வேலை எப்போது தொடங்க வேண்டும்? எங்கே கோட்டை விடுகிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பதிவில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டம் லாங் லிஸ்ட். போட்டிக்குப் பல மாதங்களுக்கு முன்பே, போக வாய்ப்புள்ள எல்லோருடைய பெயர், படம், கடவுச்சீட்டு விவரங்களையும் ஏற்பாட்டுக் குழுவின் கணினியில் ஏற்றி அங்கீகார அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது கட்டம் போட்டிப் பதிவு. எந்த வீரர், எந்தப் பிரிவு என்பது அங்கே உறுதியாகும். பாரிஸில் அதன் கடைசி நாள் 2024 ஜூலை 8, தொடக்க விழா ஜூலை 26.

கோட்டை விடும் இடம் முதல் கட்டம். "நம் ஜூடோ வீரருக்கு எங்கே கிடைக்கப்போகிறது" என்று நினைத்து லாங் லிஸ்டில் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். ஜூன் கடைசியில் வேறொரு நாடு தன் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும், அது உங்களுக்கு வரும், இரண்டு நாளில் பதில் கேட்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அட்டை எடுக்க அப்போது வழி இருக்காது. ஐந்து சதவீத வாய்ப்புள்ளவரையும் லாங் லிஸ்டில் போடுங்கள். போட்டுவிட்டு அனுப்பாமல் இருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

அடுத்தது பெயர். படிவத்தில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். பூடானில் ஒற்றைப் பெயர்தான் பலருக்கு. டோக்கியோவில் (2021-ல் நடந்த ஒலிம்பிக்) வில் ஏந்திய கர்மாவின் முழுப்பெயரே கர்மாதான். இப்படிப்பட்டவருக்கு ஒலிம்பிக் படிவத்தில் ஒரு மாதிரி, சர்வதேசச் சம்மேளனத்தின் பதிவில் இன்னொரு மாதிரி, விமானச் சீட்டில் மூன்றாவது மாதிரி எழுதினால் கணினி மூன்று ஆட்களாகப் பார்க்கும். உலகத் தரவரிசையில் உள்ளவரும் நீங்கள் பதிந்தவரும் ஒருவரே என்று நிரூபிக்கக் கடிதம் மேல் கடிதம் போட வேண்டிவரும். கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரியில் இயந்திரம் படிக்கும் எழுத்துகள் இருக்கின்றன பாருங்கள், அதில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். வேறு எதையும் பார்த்து எழுதாதீர்கள்.

கடவுச்சீட்டு, போட்டி முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். லாங் லிஸ்ட் கொடுத்த பிறகு புதுக் கடவுச்சீட்டு வாங்கினால் எண் மாறிவிடும். அதை உடனே திருத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அட்டையும் கடவுச்சீட்டும் பொருந்தாது.

கடைசியாக விசா. போட்டி நடத்தும் நாட்டுக்குள் நுழைய அங்கீகார அட்டையும் கடவுச்சீட்டும் சேர்ந்து விசாவாக வேலை செய்யும். ஆனால் வழியில் இறங்கும் நாட்டுக்கு அந்த அட்டை செல்லாது. பசிபிக் தீவிலிருந்து புறப்படுபவர் இரண்டு, மூன்று நாடுகளில் விமானம் மாற வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் டிரான்சிட் விசா வேண்டுமா என்று தனித்தனியாகப் பாருங்கள். விமான நிலையத்திலேயே வீரர் திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: அணியின் பதிவுக் கூட்டம் என்றால் என்ன?

அணியின் தலைமை அதிகாரி, அதாவது செஃப் டி மிஷன், ஏற்பாட்டுக் குழுவோடு உட்கார்ந்து கணக்கை முடிக்கும் கூட்டம். எத்தனை வீரர் உறுதி, அதற்கு எத்தனை அதிகாரிகள் அனுமதி, எத்தனை கட்டில், எந்த வண்டி என்பதெல்லாம் அங்கே முடிவாகும். இது முடியாமல் அணியினர் ஒலிம்பிக் கிராமத்துக்குள், அதாவது வீரர்களுக்கான குடியிருப்புக்குள், தங்க முடியாது. ஆகவே தலைமை அதிகாரி வீரர்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். எல்லோரும் ஒரே விமானத்தில் போனால் டிக்கெட் மலிவு என்று கணக்குப் போட்டு, இரவு பதினொரு மணிக்கு வீரரோடு வாசலில் நிற்பவர்கள் உண்டு.

கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை: எல்லோருடைய கடவுச்சீட்டு நகல், வீரர்களும் அதிகாரிகளும் கையெழுத்திட்ட பங்கேற்பு நிபந்தனைப் படிவம், விமான வருகை விவரம், அணி மருத்துவர் இருந்தால் அவருடைய பதிவுச் சான்று.

கேள்வி: இரண்டு வீரருக்கு எத்தனை அதிகாரிகள் போகலாம்?

வீரர் எண்ணிக்கையை வைத்துத்தான் கோட்டா. இரண்டு மூன்று வீரர் உள்ள அணியில் செஃப் டி மிஷனே பயிற்சியாளர், மேலாளர், சலவைக்காரர், சில நேரம் வண்டி ஓட்டுநரும் அவரே. எனவே முதல் இடத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். மரியாதைக்காகச் சம்மேளனத் தலைவரை அதிகாரி அட்டையில் அனுப்பிவிட்டுப் பயிற்சியாளரை ஊரில் விட்டுவிடுவது பெரிய தவறு. தேசியக் கமிட்டியின் தலைவருக்கும் செயலாளருக்கும் தனி வகை அட்டை உண்டு, அவர்கள் அணியின் கோட்டாவைத் தொட வேண்டியதே இல்லை.

மருத்துவர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒலிம்பிக் கிராமத்தில் பாலிகிளினிக் இருக்கும். பல் வைத்தியம், கண் பரிசோதனை, ஸ்கேன், பிசியோதெரபி எல்லாம் அணியினருக்கு இலவசம். போய் இறங்கிய அன்றே வீரரை ஒருமுறை அழைத்துப்போய் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: செலவு யாருடையது?

கிராமத்தில் தங்குவதும் சாப்பாடும் ஏற்பாட்டுக் குழுவின் பொறுப்பு. பயணத்துக்கு, லோசானில் உள்ள ஒலிம்பிக் சாலிடாரிட்டி, அதாவது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிதியுதவிப் பிரிவு, உதவுகிறது. ஆறு வீரர், இரண்டு அதிகாரி என்ற கணக்கில் பயணச் செலவு தருவது நெடுநாள் வழக்கம். இரண்டே வீரர் போகும் நாட்டுக்கு அது முழுப் பயணத்தையும் தாங்கிவிடும். 2021 முதல் 2024 வரையிலான திட்டத்துக்கு 59 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கினார்கள். இதிலிருந்தே வீரர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சி மையத்தில் தங்கும் செலவையும் அதில் காட்டலாம்.

உள்ளூரில் திரட்ட வேண்டிய பணம் வேறு: சீருடை, காப்பீடு, தகுதிப் போட்டிகளுக்கான பயணம், வில் அல்லது துப்பாக்கி போன்ற சாமானுக்கான கூடுதல் சுமைக் கட்டணம். தகுதிப் போட்டிப் பயணம்தான் இவற்றில் பெரியது. அதை ஒலிம்பிக் ஆண்டின் வரவுசெலவில் போடாமல், முந்தைய இரண்டு ஆண்டுகளில் போடுங்கள்.

கேள்வி: சாமான் பெட்டியில் என்ன, எவ்வளவு?

ஓட்டக்காரருக்குச் சொல்கிறோம். ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த காலணி, இரண்டு ஜோடி. ஒன்று பழகியது, ஒன்று காலில் போட்டு நான்கைந்து முறையாவது ஓடியது. புதுக் காலணியை ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் போட வேண்டாம். செயற்கை ஓடுதளத்தில் ஆணியின் நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஒரு காலணியில் 11 ஆணிக்கு மேல் கூடாது. 6 மில்லிமீட்டர் ஆணி ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தளத்துக்கும் ஒத்துவரும். அணி பனியன் மூன்று, கால்சட்டை மூன்று. ஊசி, நூல், சேஃப்டி பின் ஒரு பாக்கெட்.

ஸ்பைக்ஸ், போட்டி உடை ஒரு செட், மருந்து, மருந்துச் சீட்டு ஆகியவை கைப்பையில் போக வேண்டும். மூன்று விமானம் மாறும் பயணத்தில் பெரிய பெட்டி பிந்தி வருவது சகஜம். ஆணியையும் அதைத் திருகும் சாவியையும் மட்டும் கழற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். பெட்டி வராமல் போனாலும் ஆணி வாங்கிவிடலாம், பழகிய காலணியை வாங்க முடியாது.

நீச்சல் உடை உலக நீச்சல் சம்மேளனம் ஒப்புதல் தந்ததாக இருக்க வேண்டும். ஒப்புதல் முத்திரை உடையிலேயே பதிந்திருக்கும். ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை மட்டும். இறுக்கமான அந்த உடையைப் போடவே இருபது நிமிடம் ஆகும், கிழியவும் கிழியும். இரண்டாவது உடை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: எவ்வளவு நாள் முன்னதாகப் போக வேண்டும்?

நேர வித்தியாசம் ஒரு மணிக்கு ஒரு நாள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எட்டு மணி வித்தியாசம் என்றால் எட்டு நாள்.

கேள்வி: 100 மீட்டர் முதற்கட்டச் சுற்று எப்படி நடக்கிறது?

வைல்டு கார்டில் வந்தவர்கள் நேராக உசைன் போல்ட் போன்றவர்கள் ஓடும் ஹீட்ஸில் (முதல் சுற்று ஓட்டங்களில்) நிற்பதில்லை. அதற்கு முன் அவர்களுக்குள் ஒரு முதற்கட்டச் சுற்று நடக்கும். பாரிஸில் ஆடவருக்கு இது ஆகஸ்ட் 3 காலை நடந்தது. இதில் முன்னால் வருபவர்கள்தான் பெரிய ஹீட்ஸுக்குப் போவார்கள்.

காலைப் போட்டி என்பதை மறக்காதீர்கள். கிராமத்திலிருந்து பேருந்து, பாதுகாப்புச் சோதனை, வார்ம் அப் மைதானம், அதன் பிறகு கால் ரூம் (call room), அதாவது ஓட்டத்துக்கு முன் வீரர்களைச் சரிபார்க்கும் அறை. கணக்குப் போட்டால் வீரர் நான்கைந்து மணிநேரம் முன்பே எழுந்தாக வேண்டும். முந்தைய நாள் அதே நேரத்துக்கு அதே பேருந்தில் ஒருமுறை போய்வாருங்கள்.

கால் ரூமுக்குள் பயிற்சியாளர் போக முடியாது. அலைபேசி, இசைக் கருவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். காலணியைத் திருப்பி ஆணியைப் பார்ப்பார்கள், பனியனில் உள்ள சின்னங்களைப் பார்ப்பார்கள், நெஞ்சிலும் முதுகிலும் பெயர் அட்டை சரியா என்று பார்ப்பார்கள், இடுப்பில் ஒட்டும் எண்ணைத் தருவார்கள். அந்த இடுப்பு எண்ணைக் கொண்டுதான் போட்டோ ஃபினிஷில் ஆளை அடையாளம் காண்பது. வியர்வையில் அது உரிந்து விழும், தொடையைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பிறகு எட்டு, ஒன்பது பேரும் ஒரு சின்ன அறையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். உடம்பு ஆறிப்போவது அங்கேதான். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றவும், அழைத்ததும் எழுந்து குதிக்கவும் முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் பிளாக் அமைக்கக் கிடைப்பது ஓரிரு நிமிடம். தன் அளவை வீரர் அடிக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: கோட்டிலிருந்து முன் பலகைக்கு எத்தனை அடி, பின் பலகைக்கு எத்தனை அடி, சாய்வு எத்தனையாவது பல்லில். ஒரு முறை பிளாக்கிலிருந்து கிளம்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பிளாக்கில் உணரி இருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 0.100 வினாடிக்குள் கால் அழுத்தம் மாறினால் தவறான தொடக்கம். முதல் தவறுக்கே வெளியேற்றம், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. உணரி உள்ள பிளாக்கில் ஒருமுறைகூட ஓடாதவர், "செட்" நிலையில் உடலை அசைத்துக்கொண்டே இருப்பார். நான்கு ஆண்டு உழைப்பு அங்கே போய்விடும். சத்தம் கேட்டுக் கிளம்பு, யூகித்துக் கிளம்பாதே என்று நூறு தடவை சொல்லுங்கள். இந்தச் சுற்றில் தொடக்கத்தில் 0.05 வினாடி லாபம் பார்ப்பதால் எதுவும் மாறிவிடாது.

துவாலுவின் எட்டிமோனி திமுவானி ரியோ 2016-ல் அந்த நாட்டின் ஒரே வீரர். அடிப்படையில் கால்பந்து வீரர். 11.81 வினாடியில் ஓடி முடித்தார். அந்த நாட்டின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில், விமானம் வராத நேரத்தில் விமான ஓடுபாதையே விளையாட்டுத் திடல். தார் பாதையில் பழகிய காலுக்குச் செயற்கைத் தளம் முதலில் துள்ளலாகத் தெரியும். முதல் நாளே முழு வேகத்தில் ஓடவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: நீச்சலில் இதுபோன்ற சிக்கல் என்ன?

குளத்தின் நீளம். சிட்னி 2000-ல் எக்குவடோரியல் கினியின் எரிக் மூசம்பானி 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இறங்கினார். ஊரில் அவர் பழகியது ஒரு ஹோட்டலின் சின்னக் குளத்தில். அவரது ஹீட்டில் இருந்த மற்ற இருவரும் முந்திக் குதித்து வெளியேற்றப்பட, தனியாக நீந்தினார். முதல் 50 மீட்டரை அவர் ஓரளவு சமாளித்தார், திரும்பிய பிறகு கை தூக்கவே முடியவில்லை. அரங்கமே எழுந்து கத்தியது, 1 நிமிடம் 52.72 வினாடியில் சுவரைத் தொட்டார். அவர் பின்னாளில் தன் நாட்டின் நீச்சல் பயிற்சியாளர் ஆனார்.

சின்னக் குளத்தில் சில வினாடிக்கு ஒருமுறை சுவரை உதைத்து ஓய்வு கிடைக்கும், 50 மீட்டர் குளத்தில் அது இல்லை. ஆகவே போட்டிக்கு முன் குறைந்தது மூன்று, நான்கு வாரம் 50 மீட்டர் குளம் உள்ள ஊரில் பயிற்சி. அதற்கு வழியே இல்லையென்றால் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பதியுங்கள்.

கேள்வி: ஊக்கமருந்து விதி சின்ன அணிக்கும் அதே கண்டிப்போடுதானா?

அதே கண்டிப்பு. உடம்பில் தடைசெய்த பொருள் இருந்தால் வீரரே பொறுப்பு, தெரியாமல் நடந்தது என்ற வாதம் குற்றத்தை நீக்காது.

சிக்க வைப்பவை மூன்று. ஒன்று, சளி, இருமல் மருந்தும், யாரோ பரிசாகக் கொடுத்த புரோட்டீன் பொடியும். இரண்டு, ஆஸ்துமா, நீரிழிவு போன்றவற்றுக்கு எடுக்கும் மருந்துக்கு முன் அனுமதி வாங்காதது. அந்த அனுமதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மூன்று, ஊசி. ஒலிம்பிக்கில் ஊசிக்குத் தடைக் கொள்கை உண்டு. அணியில் யாரோ சத்து ஊசிக்கென்று சிரிஞ்சைப் பையில் வைத்திருந்து, அதைத் துப்புரவுப் பணியாளர் குப்பையில் பார்த்தால் அணி முழுக்க விசாரணையில் உட்கார வேண்டும்.

பரிசோதனைக்கு 90 மில்லிலிட்டர் சிறுநீர் வேண்டும். போதவில்லையென்றால் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வீரரோடு ஒருவர் உடன் போகலாம், கண்டிப்பாகப் போங்கள். மொழி தெரியாத இடத்தில் படிவத்தில் கையெழுத்துப் போடுவது பயமாக இருக்கும். சொந்தமாக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு நடத்த முடியாத நாடுகளுக்காக ஓசியானியா, கரீபியன் போன்ற பகுதிகளில் கூட்டு அமைப்புகள் இருக்கின்றன. வகுப்பெடுக்க அவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கொடியும் தேசிய கீதமும் சரியாக இருக்குமா?

ஒப்புதல் கேட்டு உங்களுக்கு மாதிரி அனுப்புவார்கள். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நிறம், விகிதம், நட்சத்திரங்களின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் மேலே, எல்லாம் பாருங்கள். கீதத்தை முழுதாகக் கேளுங்கள். பாரிஸில் தெற்கு சூடான் கூடைப்பந்து அணி நிற்கும்போது சூடானின் கீதம் ஒலித்தது. 1936 பெர்லினில் லீக்டன்ஸ்டைனும் ஹைட்டியும் ஒரே கொடியோடு நிற்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டு லீக்டன்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. கையில் இரண்டு கொடியும், பென் டிரைவில் கீதமும் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: சீருடையில் உள்ளூர் ஸ்பான்சர் பெயரைப் போடலாமா?

போட்டி உடையில் கூடாது. துணி தயாரித்த நிறுவனத்தின் சின்னம் மட்டும், அதுவும் குறித்த அளவுக்குள். ஸ்பான்சரிடம் பணம் வாங்கும்போதே இதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் பிறந்தவரைச் சேர்த்துக்கொள்வது சரியா?

குடியுரிமை இருந்தால் விதி அனுமதிக்கிறது. ஏற்கெனவே வேறு நாட்டுக்கு ஆடியவர் என்றால் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட தேசியக் கமிட்டிகளும் சர்வதேசச் சம்மேளனமும் ஒப்புக்கொண்டால் அதைக் குறைக்கலாம். அமெரிக்காவில் வளர்ந்த மைல்ஸ் அமீன், தாய்வழி உறவால் சான் மரீனோவுக்காக மல்யுத்தம் செய்து டோக்கியோவில் வெண்கலம் வாங்கினார். எங்கள் கருத்து: அப்படி வருபவர் ஊருக்கு வந்து பிள்ளைகளோடு பயிற்சி செய்தால் நாட்டுக்கு ஏதாவது மிஞ்சும். ஒரே ஒரு வைல்டு கார்டு இடத்தை, ஊரையே பார்க்காத ஒருவருக்குக் கொடுப்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

கேள்வி: இவ்வளவு சின்ன நாடு பதக்கம் வாங்க முடியுமா? எந்த விளையாட்டில்?

வாங்கியிருக்கிறார்கள். சுமார் 34 ஆயிரம் பேர் வாழும் சான் மரீனோ டோக்கியோவுக்கு ஐந்து பேரை அனுப்பி மூன்று பதக்கம் கொண்டுவந்தது. சுமார் 64 ஆயிரம் பேர் கொண்ட பெர்முடாவிலிருந்து இரண்டு பேர் போனார்கள், டிரையத்லானில் ஃப்ளோரா டஃபி தங்கம் வென்றார். பாரிஸில் டொமினிக்காவின் தியா லாஃபோண்ட் மும்முறைத் தாண்டுதலில் 15.02 மீட்டர் தாண்டித் தங்கம். அதே நாள் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரெட் 100 மீட்டரை 10.72 வினாடியில் ஓடித் தங்கம். இரு நாடுகளுக்கும் அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

எந்த விளையாட்டு என்பதைவிட எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். ஃப்ளோரா டஃபி 2008-ல் போட்டியை முடிக்கவே இல்லை, 2012-ல் 45-ஆவது இடம், 2016-ல் எட்டாவது, அடுத்ததில் தங்கம். சான் மரீனோவின் அலெசாண்ட்ரா பெரில்லி லண்டனில் டிராப் (பறக்கும் களிமண் தட்டைச் சுடும்) துப்பாக்கி சுடுதலில் இரண்டாம் இடத்துக்கு மூவர் சமநிலையில் நின்று, சமநிலையை முறிக்கும் ஷூட் ஆஃபில் தோற்று நான்காவதாகத் திரும்பினார். ஒன்பது ஆண்டு கழித்து வெண்கலமும், கலப்பு இரட்டையரில் ஜியான் மார்கோ பெர்ட்டியோடு வெள்ளியும் வாங்கினார். முதல் தோல்விக்குப் பிறகும் அதே ஆளுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த கமிட்டி இவற்றின் பின்னால் இருக்கிறது.

இன்னொரு வழி, ஒரே ஊர், ஒரே பயிற்சியாளர், ஒரே விளையாட்டு. கொசோவோவின் பேயா நகரில் டிரிடன் குகா நடத்தும் ஜூடோ பயிற்சிக்கூடத்திலிருந்து கெல்மென்டி, டிஸ்ட்ரியா கிராஸ்னிகி, நோரா ஜாகோவா என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். ஜூடோவுக்கு மெத்தையும், அதே எடையில் பத்துப் பேரும் போதும். பிஜி எழுவர் ரக்பியில் ரியோவிலும் டோக்கியோவிலும் தங்கம் வென்றது, காரணம் அங்கே தெருவுக்குத் தெரு ரக்பி. லீக்டன்ஸ்டைனின் பத்துப் பதக்கமும் பனிச்சறுக்கில்தான், மலை வீட்டு வாசலில் இருக்கிறது.

பதிமூன்று விளையாட்டுக்குப் பணத்தைப் பங்கு போடும் சின்ன நாடு எதிலும் எழுந்து நிற்பதில்லை. கமிட்டிக்குள் இதைச் சொன்னால் சண்டை வரும். வந்தாலும் சொல்ல வேண்டும்.

கேள்வி: பதக்கத்துக்குப் பரிசுத்தொகை உண்டா?

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தராது. பாரிஸிலிருந்து தடகளத்தில் மட்டும் உலகத் தடகளச் சம்மேளனம் தங்கத்துக்கு 50 ஆயிரம் டாலர் தருகிறது.

கேள்வி: போகும் ஒரே வீரருக்கும் காயம் பட்டுவிட்டால்?

போட்டிப் பதிவுக் கடைசி நாளுக்குப் பிறகு ஆளை மாற்ற ஒரு நடைமுறை உண்டு. மருத்துவச் சான்று போன்ற வலுவான காரணம் வேண்டும். மாற்று ஆள் லாங் லிஸ்டில் இருக்க வேண்டும், அந்த விளையாட்டின் தகுதி விதிக்கும் உட்பட வேண்டும். லாங் லிஸ்டில் இரண்டாமவரைச் சேர்க்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

கேள்வி: கடைசி இடம் வந்தால் என்ன சொல்வது?

என்ன நேரம், சொந்தச் சாதனையா, தேசிய சாதனையா என்று சொல்லுங்கள். இடத்தை வைத்து மட்டும் செய்தி அனுப்பாதீர்கள். பூடானின் கின்சாங் லாமோ பாரிஸ் மராத்தானை 3 மணி 52 நிமிடம் 59 வினாடியில் முடித்தார். முடித்தவர்களில் கடைசி. வென்றவர் வந்து ஒன்றரை மணிநேரம் ஆகியும் சாலையோரத்தில் மக்கள் நின்று கைதட்டினார்கள், சிலர் கூடவே ஓடினார்கள். 42 கிலோமீட்டரை நடுவில் விட்டவர்களும் அன்று இருந்தார்கள், அவர் விடவில்லை.

கேள்வி: ஒலிம்பிக்குக்கு முன் பழகிக்கொள்ள வேறு போட்டிகள்?

ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நாடுகளுக்கென்றே சிறு நாடுகள் போட்டி 1985 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பசிபிக் போட்டி, கரீபியன் பகுதிப் போட்டிகள் இருக்கின்றன. காமன்வெல்த் போட்டியில் ஒலிம்பிக் அங்கீகாரம் இல்லாத நார்ஃபோக் தீவு, நியுவே போன்றவையும் இறங்கலாம். நார்ஃபோக் தீவு லான் பௌல்ஸில் (புல்தரையில் பந்தை உருட்டும் விளையாட்டு) இரண்டு முறை வெண்கலம் வாங்கியிருக்கிறது. 2014 கிளாஸ்கோவில் கிரிபட்டியின் டேவிட் கடோவாடாவ் பளு தூக்குதலில் தங்கம் வென்றார். கால் ரூம், ஊக்கமருந்துப் பரிசோதனை, அட்டை, கிராமச் சாப்பாடு எல்லாம் அங்கேயும் உண்டு. முதல் தடவை நடுங்குவதை அங்கே நடுங்கிவிடட்டும்.

கேள்வி: ஊர் திரும்பியதும் முதல் வேலை?

ரசீதுகள். விமானச் சீட்டு, போர்டிங் பாஸ், காப்பீடு, சீருடைக் கணக்கு எல்லாவற்றையும் ஒலிம்பிக் சாலிடாரிட்டிக்கு அனுப்பாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். போர்டிங் பாஸை வீரர்கள் விமானத்திலேயே விட்டுவிடுவார்கள், இறங்கும்போதே வாங்கி ஓர் உறையில் போடுங்கள். தேசிய சாதனை விழுந்திருந்தால் அதிகாரப்பூர்வ முடிவுத் தாளோடு தேசியச் சம்மேளனத்தில் பதியச் சொல்லுங்கள்.

பிறகு லாங் லிஸ்ட் கோப்பைத் திறந்து, எந்தப் பெயரில் எந்தப் பிழை வந்தது, எந்த விமான நிலையத்தில் என்ன கேட்டார்கள் என்று மறப்பதற்குள் எழுதி வையுங்கள். அடுத்த முறை செயலாளராக வேறொருவர் இருக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் 2028 ஜூலை 14 தொடங்குகிறது. நீச்சல் வீரர் இருக்கிறார் என்றால் 2027 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்புக்கான பயணச் செலவை இப்போதே வரவுசெலவில் எழுதிவிடுங்கள்.